மாப்ள வெச்ச சோம்பு

வாங்க மாப்ள, உக்காருங்க. அந்தக் கட்டல்ல இல்லீங்க, அதுக்கு ஒரு காலு ஆடுது. இந்தத் திண்ணைக்கு வாங்க. செல்போனை அக்கட்டால வெச்சுப்போட்டு மோரைக் குடிங்க. கோயமுத்தூர்ல இருந்து கோபிக்கு இந்த வெயில்ல பஸ்சேறி வந்திருக்கீங்களே, மாமனாரைப் பாக்கோணும்னு ஆசை வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நானும் ஒரு நிமிசம் நெனச்சுப்போட்டேன். பைக்குள்ள இருந்து நோட்டை எடுத்தீங்க பாருங்க, அப்பத்தான் மனசு நிம்மதியாச்சு. திடீர்னு பாசம் வந்துருந்தா நான் பயந்துருப்பேனுங்க.

முப்பது வருசம் ஊருச்சனத்துக் கடனையெல்லாம் பேங்குல எழுதுன கை. வி.ஆர்.எஸ். வாங்குனாலும் சும்மா கெடக்குமுங்களா? இப்பச் செடிக்குப் பேரேடு போடறீங்க. குடுங்க பாக்கலாம். “7-ஆம் தேதி, தண்ணீர் 200 மில்லி. 8-ஆம் தேதி, தண்ணீர் 200 மில்லி. 9-ஆம் தேதி, இலை வாட்டம், தண்ணீர் 400 மில்லி.” அட, 15-ஆம் தேதி என்னமோ எழுதியிருக்குதே? “கணக்கு முடிக்கப்பட்டது.” செடி செத்துப்போச்சுங்கறதை இத்தனை மரியாதையா நான் எங்கயும் கேட்டதில்லீங்க.

உங்க கதையை ஆதியில இருந்து பாத்தாத்தான் வைத்தியம் சொல்ல முடியும். மொதல்ல நீங்க வெக்கோணும்னு நின்னது பெருங்காயம். ரசத்துல ஒரு சிட்டிகை கொறைஞ்சுபோச்சுனு அம்மிணிகிட்டச் சண்டை போட்டு, “நானே வளத்திக் காட்டறேன்”னு மொட்டமாடியில ரெண்டு தொட்டி வாங்கி வெச்சீங்க. வெவசாயக் காலேஜுல படிக்கற உங்க மக அப்ப உங்ககிட்ட ஒண்ணும் சொல்லுல. எனக்குத்தான் போன் போட்டுச் சிரிச்சுது. நம்ம நாட்டுக்கு வருசத்துக்குச் சுமாரா 1,200 டன்னு பெருங்காயப் பாலு ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான்ல இருந்துதான் வருதாமா. இங்கயே வளத்த முடியுமானு பாக்கறதுக்குப் பாலம்பூர்ல இருக்கற ஆராய்ச்சிக்காரங்க ஈரான் வெதையைத் தருவிச்சு, 2020 அக்டோபர் 15-ஆம் தேதி இமாச்சலத்துல லாஹௌல் பள்ளத்தாக்குல மொத நாத்தை நட்டாங்களாமா. அந்த எடம் பனி மூடற குளிர் பாலைவனமுங்க. நட்டு அஞ்சு வருசம் ஆனாத்தான் வேரைக் கீறிப் பாலு எடுக்கலாம். ஒருக்காப் பூத்துக் காச்சுதுனா அதோட செடிக்கு ஆயுசு முடிஞ்சுது. உங்க மாடியில சித்திரை மாசம் கொழாயைத் தொறந்தாலே வெந்நி வருது. பெருங்காயம் அங்க எதுக்கோசரமுங்க வரும், காசியாத்திரைக்கா?

அப்பறம் சோம்புக்கு எறங்கி வந்தீங்க. சந்தோசப்பட்டேன். வெதை எங்க வாங்குனீங்கனு கேட்டதுக்கு, ஓட்டல்ல பில்லு வெக்கற தட்டுல இருந்து ஒரு கை அள்ளிட்டு வந்தேன்னீங்க. பச்சை, செவப்பு, மஞ்சனு சக்கரைப் பாகு பூசுன முட்டாயி சோம்பு! அதையும் வரிசையா, அளவு நூலு புடிச்சு வெதைச்சிருந்தீங்க. மூணாம் நாளே எறும்புக அதே வரிசையில வந்து ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போயிருச்சு. அந்த வாரம் எறும்புப் புத்துல ஏதோ சீரு நடந்திருக்கோணும்.

ரெண்டாவது வாட்டி வெதை குடுத்தது நானுங்க. அதுவும் மொளைக்குல. அதுல என்ற பங்கும் கொஞ்சம் இருக்குது, அப்பறமாச் சொல்றேன்.

மொதல்ல நீங்க யாரு வீட்டுச் சம்பந்தத்துக்குப் போறீங்கனு தெரிஞ்சுக்கோங்க. அஞ்சறைப் பொட்டியைத் தொறந்தீங்கனா சீரகம், சோம்பு, மல்லி, பக்கத்து டப்பாவுல ஓமம், பெருங்காயம், எல்லாம் ஒரே குலமுங்க. சந்தையில வாங்கற கேரட்டும் அதுதான். நம்ம வாய்க்கா வரப்புல ஈரத்துல படருதே வல்லாரை, அதுவுங்கூடப் பங்காளி. வல்லாரை தரையோட கெடக்கறதைப் பாத்தா இதுக்கும் சோம்புக்கும் ஒறவுனு யாரும் நம்ப மாட்டாங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தன் பங்களா கட்டறான், ஒருத்தன் வரப்புல படுத்துக்கறான். பேரைக் கேட்டாலே புரியும்: பெருஞ்சீரகம்னுதான் யாழ்ப்பாணத்துல இன்னைக்கும் சோம்பைச் சொல்றாங்க. சோம்பும் சீரகமும் அண்ணன் தம்பிக. அண்ணனுக்கு ஒயரமும் இனிப்பும் வந்துருச்சு, தம்பிக்குக் காரியம் வந்துருச்சு.

அந்தக் குலத்துல கெட்ட பங்காளி ஒருத்தனும் இருக்கறானுங்க. ஹெம்லாக்குனு ஐரோப்பாப் பக்கத்துச் செடி. கி.மு. 399-ல சாக்ரடீசுக்குக் கலக்கிக் குடுத்தது அதைத்தான். சோம்பாட்டமே கொடை புடிச்சு நிக்கும். ஆனா பூவு வெள்ளை, தண்டுல ஊதாப் புள்ளி இருக்கும், எலையைக் கசக்குனா எலி வாடை அடிக்கும். நம்மூர் வெயிலுக்கு அது வராது. ஆனாலும் பையனைப் பாக்க லண்டன் போகறப்ப ரோட்டோரத்துல கொடைப்பூவைக் கண்டு, “அட நம்ம குலம்”னு பறிச்சு வாயில போட்றாதீங்க.

சரி, நோட்டைத் தொறங்க. இல்லீங்க, வேண்டாம், மூடியே வெய்ங்க.

பட்டம் ஐப்பசி. மழை ரெண்டு உழவு பேஞ்சு ஓய்ஞ்சு, மண்ணுல கைய வெச்சா ஜில்லுனு இருக்கோணும், ஆனா ஒட்டக் கூடாது. அப்பப் போடுங்க. வெதையை மளிகைக் கடையில வாங்குனாலும் பரவாயில்லை, இந்த வருசத்துச் சரக்கானு கேட்டு வாங்குங்க. ரெண்டு மூணு வருசம் டப்பாவுல கெடந்த சோம்பு கறிக்கொழம்புக்கு ஆகும், காட்டுக்கு ஆகாது. நல்ல ரகம் வேணும்னா உங்க ஊருலயே, பஸ்சேறாம நடந்து போற தூரத்துல இருக்கற வெவசாயப் பல்கலைக்கழகத்துல கோ 1-னு ஒண்ணு வெளியிட்டுருக்கறாங்க. மஞ்சக்காட்டு ஓரத்துக்கும் மொளகாக்காட்டு ஓரத்துக்கும் தோதுனு சொல்லுவாங்க. ஏழு மாசத்துப் பயிரு. அங்கதான் உங்க மக படிக்குது. நீங்க அங்க போகாம ஓட்டலுக்குப் போனீங்க.

வெதையை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, அரை அங்கொலம் ஆழத்துல, நிக்க வேண்டிய எடத்துலயே போட்டுருங்க. செடிக்குச் செடி ஒண்ணு ஒண்ணரை அடி. எட்டு நாள்ல இருந்து பதினாலு நாளைக்குள்ள நூலாட்டம் ரெண்டு பச்சை எட்டிப் பாக்கும். அதுக்குள்ள நோண்டிப் பாக்காதீங்க. மூணாவது தடவை நீங்க அதைத்தான பண்ணுனீங்க, அம்மிணி சொல்லிப்போட்டா. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, ஈர்க்குச்சியில மண்ணைத் தள்ளிப் பாத்தீங்களாமா. ஃபிக்சட் டெபாசிட்டு போட்டவன் தெனமும் ரெண்டு வாட்டி வந்து அதை எடுத்து எண்ணிப் பாத்தான்னா அவனை என்ன பண்ணுவீங்க? மேனேஜர் ரூமுக்குக் கூப்புட்டுக் காப்பி வாங்கிக் குடுத்து அனுப்புவீங்க. வெதைக்கு அந்த வசதி இல்லீங்க.

மொளைச்சதையும் விட்டு வெச்சீங்களா? சின்னத் தொட்டியில இருந்து பெரிய தொட்டிக்கு, பெரிய தொட்டியில இருந்து தரைக்கு. உங்களையே பேங்கு வருசத்துக்கொரு ஊருக்கு மாத்துன கோவம் அந்தச் செடி மேல எறங்கிருச்சாட்ட இருக்குது. சோம்புக்கு வேரு கேரட்டாட்டம் ஒத்த ஆணிவேரு, நேராக் கீழ போகும். பாதியில முறிச்சீங்கனா செடி ஒண்ணு சுருண்டுக்கும், இல்லாட்டி பயந்துபோய்ச் சாண் ஒயரத்துலயே பூ எடுத்துரும். தொட்டினா ஒரு அடிக்கு மேல ஆழம் வேணும். தரைதான் நல்லது.

குஜராத்துக்காரங்க நாத்து விட்டுத்தான் நடறாங்களேனு கேப்பீங்க. கேளுங்க, நானே பாத்திருக்கறேன். எளவட்டத்துல ஈரோட்டு மஞ்ச லாரியில ஏறி ஊஞ்சா சந்தைக்கு ஒருக்காப் போனேனுங்க. சீரகமும் சோம்பும் மலையாட்டம் குமிச்சுக் கெடக்கற ஊரு. லாரியை விட்டு எறங்குனதும் மசால் வடை ஞாபகம் வந்து வாயி ஊறிப்போச்சு. அந்தச் சுத்துப்பட்டுல மழைப் பட்டத்துக்கு நாத்து விட்டு நடறாங்க, வாஸ்தவம்தான். ஆனா அந்தப் பொம்பளைக கைய நீங்க பாக்கோணுமே! பாத்தியை நனைச்சு, வேரு நோகாம உருவி, மூச்சு விடறதுக்குள்ள அடுத்த காட்டுல ஊணிப்போடுவாங்க. பரம்பரைப் பழக்கமுங்க அது. உங்க பழக்கம் ரப்பர் ஸ்டாம்பு குத்தறது. குத்துற வேகம் அதேதான், அதனாலதான் சொல்றேன், நேரடியா வெதைச்சுருங்க.

மொளைச்சு நாலு எலை வந்தப்பறம் உங்க வேலை என்னன்னா, வேலை இல்லாம இருக்கறதுதான். வாரம், பத்து நாளைக்கு ஒருக்கா நல்லா நனையற மாதிரி தண்ணி கட்டுங்க. 200 மில்லி ஊத்தறதுக்கு அது என்ன காச்சக்காரனுங்களா? மேலாப்புல தெனமும் நனைச்சா வேரு சொகம் கண்டுக்கும், கீழ எறங்காது. தண்ணி தேங்குனா அழுகிப்போகும். எருவும் அப்படித்தான். ஆட்டாம்புழுக்கை மக்குனது ரெண்டு கூடை அடியில போட்டுட்டா போதும். கோழி எரு நல்லதுனு யாராவது சொன்னா வாங்கி எனக்குக் குடுத்துருங்க. செடி கரும்பச்சையா, மயில் தோகையாட்டம் தழைச்சு நிக்கும், அம்மிணி போட்டோ புடிப்பா, மொதக் காத்துக்கே கும்புட்டு விழுந்துரும்.

தைமாசம் போயி நின்னு பாருங்க மாப்ள. உங்க தலைக்கு மேல ஒரு முழம் நிக்கும். ஆறடி ஏழடினா சாதாரணம். தண்டுல விபூதி பூசுனாப்புல ஒரு சாம்பல் பூச்சு, எலை எலையா இல்லாம வெறும் நூலு. உச்சியில ஒரு எடத்துல இருந்து பத்திருவது காம்பு கெளம்பி, ஒவ்வொரு காம்பு நுனியிலயும் மறுக்கா ஒரு சின்னக் கொடை விரியும். கொடைக்குள்ள கொடை. உங்க மக அதைக் குடை மஞ்சரினு சொல்லுது. மஞ்சப் பூவு கடுகத்தனைதான் இருக்கும், ஆனா தேனீ, கொளவி, ஈ, வண்டுனு எல்லாச் சாதியும் ஒரே பந்தியில உக்காந்து திங்கறது அங்கதான். நம்மூர்க் கலியாணத்துல கூட அதைப் பாக்கறதுக்குக் கொஞ்சம் நாளாச்சு. அந்தச் சமயத்துல மருந்து கிருந்துனு பீச்சாங்கொழலைத் தூக்குனீங்கனா, தேனீ வராது, காயி புடிக்காது.

கொடைக் காம்புல அசுவிணி அப்பும். கண்டிப்பா அப்பும். பிசுபிசுனு பாகு வடியும், எறும்பு மறுக்கா உங்க வீட்டுக்கு விருந்துக்கு வரும். தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவி விடுங்க. தாங்கலைனா பொழுதோட, தேனீ அடங்குனதுக்கப்பறம், வேப்பெண்ணெய்ச் சோப்புக் கரைசல். அதுக்குள்ள கறுப்பா, முள்ளு முள்ளா, மொதலைக் குட்டியாட்டம் ஒரு புழு அந்தக் காம்புல ஏறும். அதைக் கண்டு நசுக்கிறாதீங்க. பொறிவண்டுக் குஞ்சுங்க அது. அசுவிணியைத் திங்க வந்த ஆளு. பாக்க ரவுடியாட்டம் இருக்கறவனெல்லாம் கடனைக் கட்டாதவன்னு நெனைக்கற பழக்கத்தை அங்க காட்டாதீங்க.

நீங்க அதிகாலையில ஓடறீங்களே மாரத்தான், மெடலெல்லாம் கண்ணாடி அலமாரியில தொங்குதே, அந்தப் பேரே சோம்புங்க. கிரேக்கப் பாசையில சோம்புக்கு மாரத்தான்னு பேரு. சோம்பு மண்டிக் கெடந்த தரைங்கறதால அந்த ஊருக்கு அந்தப் பேரு. கி.மு. 490-ல ஏதென்ஸுக்காரங்களும் பாரசீகக்காரங்களும் அந்தத் தரையில சண்டை போட்டதுலதான் இந்த ஓட்டக் கதையே கெளம்புச்சு. உங்க மக இதைச் சொன்னப்ப எனக்கு வாயெல்லாம் பல்லு. ஒரு மனுசன் 42 கிலோமீட்டர் சோம்பு பேரைச் சொல்லிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடறான், வீட்டுல ஒரு சோம்புச் செடி நின்ன எடத்துல நிக்க விட மாட்டேங்கறான்!

இப்ப அறுவடைக்கு வாங்க. இங்கதான் காது குடுங்க, இதுல என்ற சொந்த வெவகாரமும் கொஞ்சம் கலந்துருக்குது. நடுத்தண்டுக் கொடை மொதல்ல முத்தும், கெளைக் கொடைக ஒவ்வொண்ணாப் பின்னால வரும். நெல்லாட்டம் ஒரே நாள்ல அறுக்க முடியாது. நாலஞ்சு வாட்டி போயி, பச்சை மாறி லேசா மஞ்சக் கண்ட கொடையா வெட்டிட்டு வரோணும். வெயில்ல காயப் போட்டீங்கனா வெளுத்துரும், வாசமும் பாதி பறந்துரும். தாவாரத்துல நெழல்ல பாயை விரிச்சுக் காய வெய்ங்க. நீங்க வெதைங்கறீங்களே, அது காயுங்க. ஒரு காயி ரெண்டாப் பொளந்துக்கும். மேல வரி வரியா இருக்குதே, அந்த வரிகளுக்கு எடையில ஓடற சன்னக் கொழாய்லதான் எண்ணெய் நிக்குது. அனெத்தோல்னு அதுல ஒரு சரக்கு இருக்குதாமா, அதுதான் அந்த இனிப்பு. பிரியாணியில போடற அன்னாசிப்பூவுலயும் அதேதான் இருக்குது, ஆனா அதுக்கும் சோம்புக்கும் ஒறவும் இல்லை, மொறையும் இல்லை. கூட்டம் வேற, வாசம் ஒண்ணு.

இன்னொரு பக்குவம் இருக்குது. பூவு உதுந்து ஒரு மாசம், நாப்பது நாளு, காயி பாதிதான் பருத்திருக்கும். அப்பவே கிள்ளி நெழல்ல ஒணத்துனா, சன்னமா, பச்சையா, நாரே இல்லாம இனிக்கும். லக்னோ சோம்புனு கடையில வெல கூடுதலா விக்கறது அதுதானுங்க. வெத்தலைக்கு அதுக்கு மேல ஒண்ணு கெடையாது. இந்த இடுப்புச் சுருக்குப் பையில எப்பவும் ஒரு பிடி இருக்கும்.

இதைத்தான் உங்களுக்கு வெதைனு குடுத்தேன்.

மொறைக்காதீங்க மாப்ள, மோரைக் குடிங்க. அன்னைக்கு நீங்க அவசரப்படுத்துனீங்க, கையில இருந்தது அதுதான். பாதியில கிள்ளுன பிஞ்சு எப்படிங்க மொளைக்கும்? நாப்பது நாளு தண்ணி ஊத்துனீங்கனு கேள்விப்பட்டு உங்க அத்தை என்னைத் திட்டுன திட்டு இந்த ஊருக்கே தெரியும். வெள்ளிக்கெழமை பூசை வேற போட்டீங்களாமா.

அதை விடுங்க. வைகாசி கடைசியில காயெல்லாம் எடுத்து முடிஞ்சதும் செடியைப் புடுங்கி எறிஞ்சுபோடாதீங்க. குஜராத்துக்காரங்களுக்குக் காடு அடுத்த பயிருக்கு வேணும், அதனால ஒரு வருசத்தோட கணக்கு முடிச்சுக்கறாங்க. நமக்கென்ன? தரைக்கு நாலு வெரக்கடை மேல வெச்சு அறுத்துவிடுங்க. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாயில இருந்து காத்து வந்து கோயமுத்தூர்ல ஓட்டைப் பேக்கறப்ப, இது குட்டையா உக்காந்துட்டுத் தப்பிச்சுக்கும். அப்பறம் அடியில இருந்து பச்சை நூலு கெளம்பும். எங்க பொடக்காலியில கை கழுவற தண்ணி போற ஓரத்துல ஒண்ணு நிக்குதே, மூணாவது வருசமுங்க. அதை நான் ஒருநாளும் கண்டுக்கிட்டதில்லை, அதுவும் என்னைக் கண்டுக்கிட்டதில்லை.

ஒண்ணே ஒண்ணு, காயைச் செடியிலயே முத்தி உதுர விட்றாதீங்க. கலிபோர்னியாக் கடலுக்குள்ள சாண்டா குரூஸ்னு ஒரு தீவு இருக்குது. அங்க மேஞ்ச மாட்டையும் ஆட்டையும் 1980-கள் கடைசியில அப்பறப்படுத்துனாங்க. தீவை நல்லா வெச்சுக்கோணும்னுதான் பண்ணுனாங்க. மேயறதுக்கு ஆளில்லாமப் போனதும் அதுவரைக்கும் ஓரமாக் கெடந்த சோம்பு ஆளுயரத்துக்குக் காடாட்டம் ஏக்கர் ஏக்கரா மண்டிருச்சு. உங்க பக்கத்து வீட்டு வக்கீலு ஏற்கெனவே வேப்பெலை சருகுக்கு நோட்டீசு விட்டவரு. எதுக்கும் வெள்ளாடு ஒண்ணு வேணும்னாச் சொல்லுங்க, ஓட்டிட்டு வரேன். அதுக்கும் கணக்கு நோட்டு வேணுமுங்களா?

இந்தாங்க, இந்தப் பொட்டலத்துல இருக்கறது நெசமான வெதை. போன சித்திரையில முத்தவிட்டு எடுத்தது. சந்தேகம் வேண்டாம், உங்க அத்தை மேல சத்தியம். அவ காதுல விழறாப்புல சொல்லாதீங்க.

மாசி பங்குனியில மொதக் கொடை பாதி பருத்துச்சுனா, மேல இருக்கறதுல ஒரு ஏழெட்டு மட்டும் கிள்ளி, நெழல்ல ஒணத்தி, மஞ்சப் பையில போட்டுக் கொண்டாங்க. டாக்டரு வெத்தலையை நிறுத்தச் சொன்னதுல இருந்து வீட்டுக்கு வர்ற பையெல்லாம் இங்க சோதனைக்குப் போகுது. அதனால உள்ள வராதீங்க. மாட்டுச்சாலைக்குப் பின்னால தீவனத் தொட்டி இருக்குது பாருங்க, அதுக்கு அடியில வெச்சுப்போட்டு, ஒண்ணும் தெரியாதவராட்டம் முன்வாசல் வழியா வந்து “மாமா சௌக்கியமுங்களா”னு கேளுங்க.